நாலரை ஸ்டார் பாதை

இல்ல சார், கோவப்படாதீங்க, உங்க ஃபோன புடுங்கிட்டு ஓடப் போறதில்ல நான். இந்த வயித்த வெச்சுக்கிட்டு ஓடினாலும் அந்தத் தண்ணிக் குழாய் வரைக்கும் தான் ஓடுவேன். எந்த ஆப்ப நம்பி மேல ஏறப் போறீங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான். கையில குடுக்க வேணாம், அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டுங்க.

ம். நெனச்சேன். இது கார் ஓட்றவங்களுக்குப் பண்ண ஆப் சார். ரோட்டுல இத விட ஒஸ்தியானது கெடையாது, ஒத்துக்கறேன். ஆனா மலைன்னா இதுக்கு வெறும் பச்சைக் கலர். பாருங்களேன், நாம நிக்கிற பார்க்கிங்குக்குப் பின்னாடி இருக்கற புல்லும் பச்சை, அதோ தெரியுதே பாறை, அதுவும் அதே பச்சை. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளமும் பச்சை. இத பாத்துட்டா ஏறுவாங்க?

இன்னொன்னு வெச்சிருக்கீங்களா. நடக்கறவங்களுக்குன்னு இருக்கறது. யாரு சொன்னா? ஆபீஸ்ல ஒருத்தரா. எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருக்காரு சார், ஷூவுலேருந்து தொப்பி வரைக்கும் எது நல்லதுன்னு அவருக்குத் தான் தெரியும், அவர் மட்டும் ஞாயித்துக்கிழமை வீட்ட விட்டு வெளிய வர மாட்டாரு. சரி, மேப்ப டவுன்லோட் பண்ணி வெச்சீங்களா? ஆப்ப கேக்கல, மேப்ப. பண்ணலையா. தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. அரை மணி நேரம் நடந்தா டவர் போயிடும் சார். நீங்க நிக்கிற எடம் நீலப் புள்ளியா தெரியும், அது சாட்டிலைட்லேருந்து வர்றது, அதுக்கு டவர் வேணாம். ஆனா புள்ளிக்குக் கீழ மேப் இருக்காதே. வெறும் சாம்பல் கட்டம், நடுவுல நீங்க. அத வெச்சு என்ன பண்ணுவீங்க? இங்க டவர் நல்லா இருக்கு, இப்பவே டவுன்லோட் போடுங்க. உங்க வீட்டம்மா பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

நானா? நான் வனத்துறையும் இல்ல, ஒன்னும் இல்ல. பைல தொங்குறது லிஃப்ட் கம்பெனி பேட்ஜ். பதினெட்டு வருஷமா லிஃப்ட் பாக்கறேன். கதவு அரை இஞ்சு சரியா மூடலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன். வேலை செய்யவில்லைன்னு பலகைய மாட்டிட்டு எறங்கிடுவேன். பத்து மாடி ஏறுறவங்க மூச்சு வாங்கிக்கிட்டே என்னத் திட்டுவாங்க, திட்டட்டும். ஓனரே வந்து நின்னு கெஞ்சினாலும் அசைய மாட்டேன். அந்த விஷயத்துல நான் கறார்னு கம்பெனியில எல்லாருக்கும் தெரியும்.

டவுன்லோட் ஓடுதா? நல்லது. அந்த மூலையில அடுக்கு மாதிரி ஒரு படம் இருக்கே, அத தொடுங்க. இப்ப மெல்லிசா வளைவு வளைவா கோடு வந்துச்சா, அது உயரத்தக் காட்டறது. கோடு தள்ளித் தள்ளி இருந்தா சமதரை, நெருக்கமா இருந்தா செங்குத்து. இது தெரியாத ஆப் எதுவா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. கலர் கலரா படம் காட்டும், பாட்டுப் பாடும், நடந்ததுக்குப் பதக்கம் குடுக்கும், எல்லாம் காதுல பூ சுத்தற வேலை.

சரி, எந்தப் பாதையப் போட்டிருக்கீங்க? குறுக்கு வழியா. சிவப்புக் கோடு. நாலரை ஸ்டார், முன்னூறு லைக்.

வாயில நல்லா வருது சார், உங்கள சொல்லல. அந்த ஸ்டார் போட்டவன்ல பாதிப் பேரு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. வ்யூ சூப்பர்னு எழுதியிருக்கானே, அவன் இந்தப் பார்க்கிங்ல நின்னு பாத்திருப்பான். இந்தப் பாதையப் போட்டது யாருன்னு நெனச்சீங்க, சர்வே பண்ணவங்களா? எவனோ ஒருத்தன் சார். லீவு நாள்ல ஃபோன பையில போட்டுக்கிட்டு நடந்தவன். யாரு வேணா நடக்கலாம், யாரு வேணா ஏத்தி விடலாம், கேக்க ஆள் கெடையாது.

ரெண்டு விரல வெச்சுப் பெருசாக்குங்க. இன்னும். இதுவரைக்கும் கோடு எப்படி வருது? குடிச்சவன் நடந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வருது. மனுஷன் மலையில நடந்தா அப்படித்தான் இருக்கும். இங்கேருந்து அந்த ஓடை வரைக்கும் பாருங்க. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா. எந்த மலையில சார் அப்படி நடக்க முடியும்? இப்ப உயரக் கோடுங்களப் பாருங்க, ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கருப்பா அப்பிக் கெடக்கு. அது பாறை விளிம்பு. கீழ தொண்ணூறு அடி. உங்க நாலரை ஸ்டாரு அதுக்கு மேல ஜம்முன்னு தாண்டிப் போவுது.

பறந்தானான்னா? பறக்கல சார். மேல ஒரு தட்டைப் பாறை இருக்கு, அதுல உக்காந்து சாப்பிட்டான். சாப்பிடறப்போ ஆப்ப நிறுத்தி வெச்சான். ஏன் தெரியுமா, உக்காந்திருந்த நேரமும் சேந்துட்டா சராசரி வேகம் கொறஞ்சிடுமாம். பாக்கறவங்க இவன் மெதுவா நடக்கற ஆளுன்னு நெனச்சிடுவாங்களாம். அவ்வளவு பெரிய மானஸ்தன். சாப்பிட்டு எழுந்தவன் திரும்ப ஆப்ப ஓட விட மறந்துட்டான். பாறையச் சுத்தி, பின்பக்கமா, படி மாதிரி ஒரு எறக்கம் இருக்கு, அதுல முக்கா மணி நேரம் நடந்து ஓடைக்கு வந்துட்டான். அங்க வந்து தான் ஞாபகம் வந்து பட்டன அமுக்கினான். ஆப் என்ன பண்ணும், விட்ட எடத்தையும் தொட்ட எடத்தையும் நேரா சேத்து விட்டுடுச்சு. ஏம்பா, தொண்ணூறு அடிய ஒரே எட்டுல எறங்கியிருக்கியே, உசுரோட இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா அது?

சரி, மெஷினு, அதுக்குத் தெரியல. இவனுக்கு? வீட்டுக்குப் போய்ப் பாத்தான் சார். பாக்காம ஏத்தி விட்டான்னா கூட மன்னிச்சிடலாம். நேர்க்கோடு கண்ணுக்குத் தெரிஞ்சுது, யாரு இத பாத்து நடக்கப் போறான்னு ஏத்தி விட்டுட்டான். முக்கா மணி நேரம் கம்மியா காட்டுச்சா, எல்லாரும் குறுக்கு வழின்னு பேரு வெச்சு லைக் போட்டுத் தள்ளிட்டாங்க. ஒரு அம்மா மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தாங்க, அண்ணா, இந்த எடத்துல பாதையே இல்ல, தயவுசெஞ்சு எடுத்துடுங்கன்னு. கட்டை விரலத் தூக்கிக் காட்டிட்டு விட்டுட்டான். அழிச்சா அவ்வளவு லைக்கும் அதோட போயிடுமே. புதுசா போட்டா மறுபடி ஒன்னுலேருந்து ஆரம்பிக்கணும். அதுக்காக சார். அதுக்காக.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னா... இருங்க, சொல்றேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார். பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்தி முடிச்சுட்டு, ஒரு நாள் தனியா நடந்துட்டு வரேன்னு கெளம்பியிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேன். ஆப்ல தேடியிருக்காரு, எதுக்கு ஸ்டார் ஜாஸ்தியோ அத எடுத்துக்கிட்டாரு. மேல ஏறினப்புறம் பனி. பத்தடிக்கு அப்புறம் ஒன்னும் தெரியாத பனி. பாவம் மனுஷன், ஃபோன மட்டும் பாத்து நடந்திருக்காரு. கீழ கண்டுபிடிச்சப்போ ஸ்க்ரீன் கூட உடையல சார். சரியான பாதையில போறீங்கன்னு காட்டிட்டு இருந்துச்சு.

நாலு மாசம் ஆச்சு. அந்தக் கோடு அன்னைக்கே அழிஞ்சுது. அழிஞ்சு என்ன புண்ணியம், அதுக்குள்ள முப்பது பேரு அத எடுத்து அவங்கவங்க பேருல ஏத்தி வெச்சிருக்காங்க. உங்க ஃபோன்ல இருக்கறது அதுல ஒன்னு, அதுக்கும் முன்னூறு லைக் விழுந்தாச்சு. ஆப் கம்பெனிக்கு எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு. இங்க ஒரு பலகை வைங்கன்னு வனத்துறையில மனு குடுத்தேன், ஃபைல் மேல போயிருக்காம். அதான் ஞாயித்துக்கிழமை ஆனா காலையிலயே வந்து உக்காந்துக்கறேன். சில பேரு கேக்கறாங்க, சில பேரு பைத்தியம்னு சொல்லிட்டுப் போறாங்க.

அந்தக் குப்பைத் தொட்டிப் படத்தத் தொடுங்க. நிச்சயமா அழிக்கவான்னு கேக்கும், ஆமான்னு போடுங்க. அவ்வளவுதான். இப்ப இந்த மஞ்சள் கோட்டப் புடிச்சுப் போங்க, பழைய வழி. ஒரு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். தட்டைப் பாறையில வேணும்னா உக்காந்து சாப்பிடுங்க, நல்ல காத்து வரும். நானும் அங்க தான் உக்காந்து சாப்பிட்டேன், ஆப்ப நிறுத்தி வெச்சுட்டு.

ஆமா சார். நான் தான்.

தங்கச்சிக்குத் தெரியாது. ஆப்ல எனக்கு வேற பேரு. அண்ணன் ஒயரு, சர்க்யூட்னு தெரிஞ்சவன், எப்படியும் கண்டுபிடிச்சிடுவான்னு நம்பிக்கிட்டிருக்கா. இங்கேருந்து நேரா அவ வீட்டுக்குத் தான் போவேன், ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாடு அங்க தான். அந்தக் கோட்டப் போட்டவன் கெடைச்சானாண்ணா, அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்தா போதும் எனக்குன்றா. எனக்கு எதிர்ல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்கறா சார்.