சிறுவாச்சூர் தாண்டினால் கத்தும் கார்

...கேட்டீங்கல்ல சார், கீ கீன்னு? இதான். எதுத்தாப்புல ஒரு ஈ காக்கா இல்ல. செவுரு பத்தடி தள்ளி கெடக்கு. ஆனா இடிக்கப் போறே, இடிக்கப் போறேன்னு கத்துது. வித்தப்புறம் சொல்றானேன்னு நெனக்காதீங்க குருமூர்த்தி சார். பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சு, சாவியும் ஒங்க கைக்கு வந்தாச்சு. ஆனாலும் இந்த ராசாங்கம் எதையும் மறைக்கிற ஆளு இல்ல.

எறங்காதீங்க, ஒக்காருங்க. அந்த சீட்டுல ஒக்காந்தாத்தான் தெரியும், நான் ஏன் இதோட மாரடிச்சேன்னு. மெட்ராஸ்ல ஒரு டாக்டர் பன்னெண்டு வருசம் ஓட்டுன வண்டி. மக்காச்சோள யாவாரிக்கு ஜெர்மன் காரு எதுக்குன்னு பெரம்பலூரே கேட்டுச்சு. மொத நாளு மண்டி வாசல்ல எறங்குனேன் பாருங்க... மூட்ட தூக்குறவங்க மூட்டையோட அப்படியே நின்னுட்டாங்க. அந்த ஒரு நாளுக்கே குடுத்த காசு தகும் சார்.

அப்புறந்தான் ஆரம்பிச்சுது. ஸ்பிரிங்குக்குப் பதிலா அடியில காத்துப்பை வச்ச வண்டி, காலைல பாத்தா காத்து எறங்கி தரையோட தரையா படுத்துக் கெடக்கும். காத்து ஏறி அது எந்திரிக்கிறதுக்குள்ள நான் டீ குடிச்சுட்டு வந்துடுவேன். டயர் ஒண்ணு வாங்குற வெலைக்கு கறவமாடு வாங்கலாம், மாடாச்சும் பால் குடுக்கும். சோள மூட்ட பக்கத்துல நிறுத்துனேன்னு எலி வந்து ஒயரத் தின்னுச்சு. அது என் தப்புதான், ஒத்துக்கிறேன். அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன் சார். இந்த சத்தந்தான்...

கல்லங்குறிச்சி கோயில்ல மச்சினன் கல்யாணம். மாப்பிள்ளய உள்ள வச்சு ஓட்டிக்கிட்டு போறேன், நாயனத்துக்கு மேல இது கத்துது. பொண்ணு வூட்டுக்காரங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. எம்பொண்டாட்டி பாக்யலட்சுமி அன்னிக்கி எறங்குனவதான், திரும்ப ஏறவேயில்ல. முன்னாடி டவுன் பஸ்ல அவ போறா, பின்னாடி ஜெர்மன் வண்டில நான் மட்டும் தனியா போறேன். அவள ஒக்கார வச்சு ஓட்டத்தான சார் வாங்குனேன்?

காட்டாம இருப்பனா? திருச்சியில கம்பெனி ஷெட்டுக்கு மூணு தடவ கொண்டு போனேன். அங்க தண்ணியடிச்சு கழுவிட்டுத்தான் உள்ளயே வுடுவான். கழுவி எடுத்தா சத்தமே இல்ல, பூன மாரி நிக்குது. ஒண்ணுமில்லங்கன்னு அனுப்பிடறான். திரும்பி வரேன், சிறுவாச்சூர் வரைக்கும் கம்முனு வருது. கோயில்ல நிறுத்தி அம்மனக் கும்புட்டு எடுத்தா, ஆரம்பிச்சுடுது. மூணு தடவையும் அங்கதான் சார். அம்மனுக்கே இந்த வண்டி புடிக்கலங்குறா எம்பொண்டாட்டி. எனக்கும் பயந்தான். அதான் விக்கிறேன். இல்லாட்டி இத விக்க எனக்கு மனசே இல்லீங்க.

பூசையில கொறையே வச்சதில்ல தெரியுமா? வெள்ளிக்கெழம, திங்கக்கெழம தவறாது. எலுமிச்சம்பழம், பூசணிக்கா, எல்லாம் முறையா. பம்பர்ல பாருங்க, முன்னாடி நாலு, பின்னாடி நாலு, வட்ட வட்டமா பொத்தானாட்டம். நம்ம பழக்கம் தெரிஞ்சே வச்சிருக்கான் வெள்ளக்காரன். எட்டு வட்டத்துலயும் சந்தனத்த கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம். ஒண்ணு கோணாது.

என்ன சார் எறங்கிட்டீங்க? துண்ட எதுக்கு நனைக்கிறீங்க? ஐயோ, சாமி பொட்டு சார், தொடைக்காதீங்க, அது... சரி, ஒங்க வண்டி, ஒங்க இஷ்டம். பின்னாடியுமா?

போடுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா?

சத்தத்தக் காணோம்?

என்னது, அந்த வட்டந்தான் எதுத்தாப்புல இருக்குறத பாக்குற கண்ணா? கண்ணுலயா நான் சந்தனத்த அப்புனேன்... அதான் திருச்சியில கழுவுனதும் நின்னுச்சா, சிறுவாச்சூர்ல பொட்டு வச்சதும் கத்துச்சா... அஞ்சு வருசமா, நானேவா...

சார். ஒரு நிமிசம் எறங்குங்களேன். அந்த பேப்பர ஒரு தடவ பாத்துட்டுத் தரேன். டீ வரச் சொல்றேன். ஜெயங்கொண்டத்துல நீங்க கல்யாண வாடகைக்கு வுட வேற நல்ல வண்டி நானே பாத்துத் தரேன் சார். கண்ணாடிய ஏன் ஏத்துறீங்க? சார்... சார்...

பாக்யம். ஏய் பாக்யம், வெளிய வா. அந்தா, ரோட்டுல திரும்புது பாரு. கேக்குதா? கேக்காது. ஒண்ணுமே கேக்காது. இப்ப நீ கூச்சப்படாம அதுல ஏறலாம்டி.