உலைக்கு ஒரு கல்

மனைவி: அப்போ இன்னிக்கும் கையெழுத்து ஆகல!

கணவன்: செருப்பையாவது கழட்ட விடும்மா...

மனைவி: எங்க உலைச் சுவரு அரிச்சுப்போய், கண்ணாடிக் குழம்பு எப்போ வெளிய கொட்டுமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கோம். உங்களுக்குச் செருப்பு!

கணவன்: அதென்ன 'எங்க உலை'? எங்க அரசாங்கக் கம்பெனி உங்க ஃபாக்டரிய வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. இப்போ அது நம்ம உலை.

மனைவி: நல்லா வாங்குனீங்க! பழைய முதலாளி இருந்தப்போ ஒரே போன். "அனுப்புய்யா"ன்னா சாயங்காலம் லாரி வாசல்ல நிக்கும். இப்போ அந்தச் சுவத்துக்கு ஒரு லோடு உலைக்கல்லு கேட்டு நாலு மாசம்...

கணவன்: மூணு பேர்கிட்ட விலை கேட்டே ஆகணும். அது விதி.

மனைவி: அந்தக் கல்லைச் செய்யறதே ஒருத்தர்தாங்க!

கணவன்: இல்லையே, மூணு வந்திருக்கு. அதுல ஒண்ணு பாதி விலை...

மனைவி: அவன் பாத்ரூம் டைல்ஸ் விக்கிறவன்! அதைக் கொண்டுபோய் உலையில பதிக்கவா? தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு.

கணவன்: உனக்கென்ன, சொல்லிடுவே. கூட விலைக்குக் கையெழுத்து போட்டா, நாளைக்கு ஆடிட்டர் வந்து "நீ எவ்ளோ வாங்கினே"ன்னு கேப்பான். பென்ஷன் போயிடும்.

மனைவி: ஃபாக்டரிய வாங்கறதுக்கு மட்டும் ஒரே நாள்ல எல்லாரும் போட்டீங்களே?

கணவன்: அது மேலிடத்து உத்தரவு.

மனைவி: கல்லுக்கு எந்த மேலிடம் உத்தரவு போடும்?

கணவன்: முதல்ல குடிக்கத் தண்ணி குடு.

மனைவி: உலை ஆறிடுச்சுன்னா உள்ள இருக்கறது மொத்தமும் பாறையா உறைஞ்சிடும். அப்புறம் இடிக்கறதைத் தவிர வேற வழியில்ல. அத்தனை பேரு வேலையும் போச்சு. என்னோடதும்.

கணவன்: ஒண்ணும் ஆகாது. ஏன் இப்படிக் கூண்டுல அடைச்ச புலி மாதிரி நடந்துக்கிட்டே இருக்கே? உக்காரு.

மனைவி: அந்தக் கல்லு ஃபைல் இப்போ யாரு மேசையில நிக்குது?

கணவன்: மேல... போயிருக்கு.

மனைவி: மேலன்னா? மொட்டை மாடிக்கா?

கணவன்: நச்சரிக்காதே, சொல்லிட்டேன்.

மனைவி: என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: என் மேசையிலதான்.

மனைவி: எப்போலேர்ந்து?

கணவன்: முதல்லேர்ந்தே. பயந்துட்டேன்... வேற யாரு தலையிலயாவது கட்டிடலாம்னு பாத்தேன். சரி, போதும்! பென்ஷன் போனா போகட்டும். இப்பவே திரும்பிப் போய்ப் போட்டுட்டு வரேன். வண்டிச் சாவியக் குடு.

மனைவி: உக்காருங்க... மத்தியானமே உலைச் சுவரு உடைஞ்சிடுச்சு. உலைய அணைங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்களா உண்மைய ஒத்துக்கறீங்களான்னு பாத்துட்டிருந்தேன்.