காணாமல் போன ஒன்பது நிமிஷம்

— அந்த மெயின் சுவிட்ச்லேருந்து கையை எடுங்கம்மா! லேம்ப் கொதிச்சுக்கிட்டு இருக்கு. இப்போ கரண்ட்டை நிறுத்தினீங்கன்னா மிஷினே போயிடும்!

— போகட்டுமே. ஒம்பது நிமிஷத்தைத் திருடின மிஷின் இருந்தா என்ன, போனா என்ன?

— மேனேஜர் நானா! மீரா சாகிப் நானா! ஓடி வாங்க! ஆபரேட்டர் ரூமுக்குள்ள ஒரு அம்மா புகுந்துட்டாங்க!

— வந்துட்டேன், வந்துட்டேன்... அப்பாடி, இந்தப் படிக்கட்டு ஒரு நாள் என்னைக் கொல்லப் போகுது. ஏம்ப்பா சலாஹுதீன், இன்டர்வெல் விட்டா கதவைத் தாழ்ப்பாள் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாரும்மா நீங்க?

— நான் யாருங்கறது இருக்கட்டும். நீங்க யாரு?

— இந்தத் தியேட்டர் மேனேஜர். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். குத்தாலத்துல என்னைத் தெரியாதவங்க...

— அப்போ உங்ககிட்டதான் பேசணும் பாய். இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஒம்பது நிமிஷப் படத்தைக் காணோம். பெல் அடிக்கறதுக்குள்ள அதைத் திரும்பச் சேர்த்தாகணும். இல்லேன்னா இந்தக் கை கீழே இறங்கும், கரண்ட்டும் இறங்கும்.

— அம்மா, கீழே உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர், ‘மிச்சத்தையும் காணாமப் பண்ணிடுங்க, புண்ணியமாப் போகும்’னு வேண்டிக்கிட்டு இருக்காங்க. காணாமப் போனதைத் திரும்பக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்.

— நக்கலா?

— நக்கல் இல்லம்மா, நிலவரம். கேளுங்க. முன் வரிசையில நாலு பசங்க. ‘வில்லன் எப்போ வருவான்’னு முதல் நாளே கேட்டாங்க. வில்லனே கிடையாதுடான்னேன். ‘அப்போ டைரக்டர்தான் வில்லனா’ங்கறான் ஒருத்தன். பால்கனியில ஒரு ஜோடி, தினமும் வருது. அவங்களுக்கு ஸ்கிரீன் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. போன சனிக்கிழமை ஒரு மிராசுதார் வந்தார். ஹீரோ நாத்து நடற லட்சணத்தைப் பார்த்துட்டு, ‘ஒரு குத்துக்கு இத்தனை நாத்தா? எப்படித் தூர் கட்டும், எப்படி வெளையும்?’னு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்பறாங்களே, அதுல அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நாத்துதான் பிரச்சனை.

— என்னைக் கேட்டா, அந்த நண்டு சீன்தான் நானா. நண்டு வளையை விட்டு வெளியில வருது, யோசிக்குது, திரும்ப உள்ளே போயிடுது. நாலு நிமிஷம்! நான் கீழே போய் டீ குடிச்சுட்டு வந்தேன், அது இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கு.

— நல்லா இருக்கே கதை! நண்டு நாலு நிமிஷம் யோசிக்கறதை அப்படியே விட்டு வச்சிருக்கீங்க. மனுஷன் மனுஷனாப் பேசற ஒம்பது நிமிஷத்தைப் பார்த்துப் பார்த்து உருவியிருக்கீங்க.

— எந்த ஒம்பது நிமிஷத்தைச் சொல்றீங்கன்னே எனக்குப் புரியலையேம்மா.

— புரியலையா? புரிய வைக்கறேன். மழை பிடிச்சுக்கும். ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகைக்குள்ள ஒதுங்குவாங்க. ஒருத்தன் இன்னொருத்தனுக்குத் தலை துவட்டி விடுவான். துவட்டி முடிச்சும் துண்டை எடுக்க மாட்டான். அப்போ வாசல்ல அவனோட அப்பா வந்து நிப்பார். பார்ப்பார். பார்த்துக்கிட்டே நிப்பார்...

— ஆமாம்மா! எவ்வளவு நேரம் நிப்பார்! ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு எனக்கே பயம் வந்துடுச்சு.

— சலாஹுதீன், வாயை மூடு!

— ஏன், அவர் வாயை ஏன் மூடச் சொல்றீங்க? உங்களுக்குத்தான் எந்த ஒம்பது நிமிஷம்னே புரியலையே. அந்த அப்பா கடைசியில ஒரே ஒரு பேச்சு பேசுவார். ‘சோறு ஆறுது. ரெண்டு பேரும் வாங்க.’ அவ்வளவுதான். குடையை அங்கேயே வச்சுட்டு நனைஞ்சுக்கிட்டே முன்னாடி நடப்பார். கும்பகோணத்துல அந்த இடத்துல என் முந்தானை நனைஞ்சு போச்சு பாய்.

— கும்பகோணத்துலேயும் பார்த்தீங்களா? அப்போ இது ரெண்டாவது தடவையா? அம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு போடறேன். இந்தப் படத்தைத் தயாரிச்சவரே ரெண்டாவது தடவை பார்த்திருக்க மாட்டார்.

— பேச்சை மாத்தாதீங்க. ஏன் வெட்டினீங்க?

— வெட்டலைம்மா. மிஷின் கோளாறு. கம்ப்யூட்டர்தானே, அப்பப்போ தாவிடும்.

— தாவறது சரியா மோட்டார் கொட்டகை வாசல்ல தாவி, சோறு தின்னு முடிச்சதும் இறங்குமா? உங்க மிஷின் படத்தைப் பார்த்திருக்கு போலிருக்கே.

— சரி, உண்மையைச் சொல்லிடறேன். மேலிடத்து உத்தரவு.

— எந்த மேலிடம்? இந்த ரூமுக்கு மேல மொட்டை மாடிதான் இருக்கு. அங்கே வடாம் காயுது, நானே பார்த்தேன்.

— ஊர்ல கலாட்டா ஆயிடும்னு பயம்மா.

— நேத்து மேட்னிக்கு வராத பயமா? எங்க தெரு குந்தவை டீச்சர் நேத்து மேட்னி இதே தியேட்டர்ல முழுசாப் பார்த்திருக்கா. மோட்டார் கொட்டகை வந்துச்சு, குடை வந்துச்சு, எல்லாம் வந்துச்சுன்னு ராத்திரி போன்ல விம்மி விம்மி அழுதா. கலாட்டா ஒண்ணும் நடக்கலை. பின்னாடி ஒருத்தர் குறட்டை விட்டாராம், அதுதான் நடந்த ஒரே கலாட்டா. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— நேத்து... நேத்து பயப்பட மறந்துட்டோம்மா.

— முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு நல்ல பொய் கத்துக்கலையா?

— நானா, இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு. கடலை மிட்டாய் வாங்கினவங்கள்லாம் உள்ளே வர ஆரம்பிச்சுட்டாங்க.

— அம்மா, கேளுங்க. நீங்கதான் ஏற்கெனவே முழுசாப் பார்த்துட்டீங்களே. உங்களுக்கு எதுக்கு மறுபடி அந்த ஒம்பது நிமிஷம்?

— எனக்கு இல்லை. கீழே எட்டாவது வரிசையில, தூண் ஓரமா உக்காந்திருக்காரே, என் வீட்டுக்காரர். அவருக்கு.

— அவர் கேட்டாரா?

— அவர் எங்கே கேட்பார்? விவசாயப் படம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

— பொய்யில்லையே. நண்டு இருக்கு.

— பாய், நான் சொல்லப் போறதை இந்த ரூமுக்கு வெளியில சொன்னீங்கன்னா, சுவிட்ச் மேல வச்ச கை உங்க மேல விழும்.

— சொல்லுங்க.

— எங்களுக்கு ஒரே பையன். செந்தில்குமார். சிங்கப்பூர்ல இருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு ஜெயபாரதி, திருத்துறைப்பூண்டி. தங்கமான பொண்ணு. நாலு மாசம் நாயா அலைஞ்சு அந்தச் சம்பந்தத்தைப் பிடிச்சது நான்தான். மண்டபம் பேசியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. போன வாரம் பையன் போன் பண்றான். ‘அம்மா, என்னால ஒரு பொண்ணோட வாழ முடியாதும்மா’ங்கறான். எனக்கு ஒண்ணும் விளங்கலை. உடம்புக்கு ஏதாவதா, டாக்டர்கிட்ட காட்டுவோமான்னு கேட்டேன்.

— ம்.

— ‘உடம்புக்கு ஒண்ணும் இல்லைம்மா. கும்பகோணத்துல ஒரு படம் ஓடுது. போய்ப் பாரு, அப்புறம் பேசறேன்’னான். ஞாயித்துக்கிழமை ஜாக்கெட் தைக்கக் கொடுக்கறேன்னு சொல்லிட்டுப் போய்ப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் தையக்காரன்கிட்டயே போயிருக்கலாமோன்னு இருந்துச்சு. அப்புறம் அந்தக் கொட்டகை வந்துச்சு. துண்டை எடுக்காம நிக்கறானே, அந்த மூஞ்சி... என் பிள்ளை மூஞ்சி பாய். சின்னதுலேருந்து அவன் எதையோ சொல்ல வந்து சொல்லாம முழுங்கற மூஞ்சி. எனக்குப் புரிஞ்சு போச்சு.

— பையன்கிட்ட பேசினீங்களா?

— பேசினேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். அழுதான். நானும் அழுதேன். அவ்வளவுதான், முடிஞ்சுது. எனக்கும் அவனுக்கும் நடுவுல இப்போ ஒண்ணும் இல்லை. நடுவுல இருக்கறது அந்த எட்டாவது வரிசைதான்.

— நேரா அவர்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்றது? முப்பத்திரண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் பேசினது முறைத் தண்ணி, மாட்டுக்குத் தவிடு, மோட்டார் காயில், இவ்வளவுதான். இதுக்கு என்கிட்ட வார்த்தை கிடையாது. போதாததுக்குப் போன ஐப்பசியில அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்க, மெதுவாச் சொல்லுங்கன்னுட்டார் டாக்டர். அதான், இருக்கறதுலேயே மெதுவாப் போற படமாப் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன்.

— டாக்டருக்கே தோணாத வைத்தியம்மா இது.

— சிரிக்காதீங்க. அவர் அந்த அப்பாவைப் பார்க்கணும். அந்த ஆளும் விவசாயி, இவரும் விவசாயி. அவர் குடையை வச்சுட்டு நடக்கறதைப் பார்த்தா இவருக்கு ஏதாவது தோணும். வீட்டுக்குப் போற வழியில நான் மெல்ல ஆரம்பிப்பேன். நிச்சயத்தை நிறுத்துவோம். அந்தப் பொண்ணு வாழ்க்கையும் தப்பிக்கும். இதுதான் என் கணக்கு. இந்த ஒம்பது நிமிஷம் இல்லேன்னா இது என்ன படம்னு தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்மா. இன்டர்வெல்ல காண்டீன்ல ஒருத்தர் பேசிக்கிட்டு இருந்தார். ‘கூட்டுக் குத்தகை எடுத்தா இப்படி ஒத்துமையா இருக்கணும்யா, நட்புன்னா இதுதான்’னு.

— அதைத்தான் என் வீட்டுக்காரரும் சொல்லப் போறார்! ரெண்டு பேர் சேர்ந்து மோட்டார் ரிப்பேர் பண்ற படம்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவார். வெள்ளிக்கிழமை பொறுப்பாத் தாம்பூலம் மாத்துவார். நான் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணும்.

— வேற ஷோவுக்கு...

— எந்த வேற ஷோ? நாளையிலேருந்து வேற படம்னு வாசல்ல போஸ்டர் ஒட்டி, பசை இன்னும் காயலை. கும்பகோணத்துலேயும் தூக்கிட்டான். வியாழக்கிழமை பையன் வந்து இறங்கறான். எனக்கு இருக்கறது இந்த ஒரு மேட்னிதான் பாய்.

— அம்மா... உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?

— பேர் எதுக்கு? பஞ்சநதம்.

— நானா...

— நீ சும்மா இரு சலாஹுதீன்.

— என்ன, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறீங்க? நண்டு தோத்துடும் போலிருக்கே. பேசுங்க!

— அம்மா, அந்த ஒம்பது நிமிஷத்தை எடுக்கணும்னு முடிவு பண்ணது நான் இல்லை. வேற ஒருத்தர் வந்து கேட்டுக்கிட்டார். இந்த ஒரு ஷோவுக்கு மட்டும்.

— யாரு அது?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

— ஓகோ! படத்தை வெட்டறதுக்கு மனசாட்சி இல்லை, வாக்கைக் காப்பாத்தறதுக்கு மட்டும் இருக்கா? எவன் அவன்? கலாசாரக் காவலனா? பொண்டாட்டியை வீட்டுல அடிச்சுட்டு வெளியில வந்து ஊரைத் திருத்தற ஆளுங்க இருப்பாங்களே, அதுல ஒருத்தனா?

— அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன்! பெத்த பிள்ளைன்னு ஒண்ணு இருந்தா இப்படி வந்து கேட்பானா? நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா அவனுக்கு?

— இருக்கும்மா. கொஞ்சம் பழுதா இருக்கு, ஆனா இருக்கு.

— அம்மா, பேசிக்கிட்டே சுவிட்சை அழுத்தறீங்க! பார்த்து, பார்த்து!

— தெரிஞ்சுதான் அழுத்தறேன். மூணு எண்ணுவேன் பாய். ஒண்ணு...

— பொறுங்கம்மா! சலாஹுதீன், நேத்து அந்த ஆள் என்கிட்டப் பேசினப்போ நீ எங்கே இருந்தே?

— இங்கேதான் நானா. லென்ஸ் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

— அவர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?

— எல்லாமே விழுந்துச்சு.

— யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தது நான். நீ கொடுத்தியா?

— என்னை யார் கேட்டா? இந்த ரூம்ல இருபது வருஷமா என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்லை.

— அப்போ நீ தாராளமாச் சொல்லலாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். சீக்கிரம், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.

— நேத்து ஈவ்னிங் ஷோவுக்கு ஒருத்தர் தனியா வந்தாரும்மா. கடைசி வரைக்கும் அசையாமப் பார்த்தார். எல்லாரும் போனப்புறம் கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு இந்தப் படியேறி வந்தார். இங்கே நீங்க நிக்கற இடத்துலதான் நின்னார்.

— பேரைச் சொல்லுங்க, பேரை!

— எட்டாவது வரிசையில, தூண் ஓரமா உக்காந்திருக்காரேம்மா, அவர்தான். ‘விவசாயப் படம்னு நெனச்சுக்கிட்டு என் சம்சாரம் நாளைக்கு என்னை இதுக்குக் கூட்டிட்டு வர்றா. எப்படிப்பட்ட படம்னு முன்னாடியே பார்த்துடலாம்னு வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நானே பக்குவமா அவகிட்டப் பேசி நிச்சயத்தை நிறுத்திடறேன், அதுக்கு முன்னாடி அந்த மோட்டார் கொட்டகை அவ கண்ணுல பட வேண்டாம். பையன் விஷயம் எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும், சம்பந்தம் பேசினப்பவும் சொல்ல வாய் வரலை, பாவம் அவளுக்குத் தெரியாது, தாங்க மாட்டா’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரும்மா.