ஐந்தாம் அறைக்குத் தீ வைத்தது யார்?

சைரன்: ...அதனாலதான் சொல்றேன், சிரிக்காதீங்க அக்கா. நீங்க சிரிச்சா எனக்கும் வரும். எனக்கு வந்தா நிக்காது.

கண்ணாடி: நான் எங்கடி சிரிச்சேன்? மாஸ்க் போட்டிருக்கேன்.

சைரன்: தோள் குலுங்குதே!

கண்ணாடி: உன் மூக்குக்குக் கீழ கரி. சரியா மீசை மாதிரி. ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டிருக்கு. அதோட முட்டி போட்டுக்கிட்டு சாம்பல் சலிக்கிறே... எப்படிடி சிரிக்காம இருக்கறது?

சைரன்: மெதுவா! வாத்தியார் வெளியதான் நிக்கறார்.

கண்ணாடி: மெதுவாவா? ஃபயர் சர்வீஸ்ல பதினாலு வருஷம் வண்டி ஓட்டினவ நீ. உன் குரலுக்குத்தானே மொத்த பேட்ச்சும் சைரன்னு பேர் வச்சிருக்கு.

சைரன்: உங்களுக்கு மட்டும் என்னவாம்? கண்ணாடி! உங்க தடயவியல் லேப்ல இருந்து அந்தப் பூதக்கண்ணாடிய கொண்டுவந்து, கேன்டீன் சாப்பாட்டுல முடி தேடுற ஆளு.

வாத்தியார்: ரெண்டு மேடமும் பேசறது இங்க நல்லாவே கேக்குது. எரிஞ்சு போன ரூம்ல இருக்கோம், கல்யாண வீட்ல இல்ல. இன்னும் அறுபது நிமிஷம்.

சைரன்: சரிங்க சார்! ...போயிட்டாரா?

கண்ணாடி: நகந்துட்டார். கரண்டிய எடு.

சைரன்: எனக்கு ஒண்ணுதான் அக்கா புரியல. சோபா, மேஜை, திரைச்சீலை எல்லாம் போட்டு, குடும்பம் குடியிருக்கற மாதிரி ரூம் ஜோடிக்கறாங்க. அவங்களே கொளுத்தறாங்க, அவங்களே அணைக்கறாங்க. அப்புறம் நம்மள உள்ள தள்ளி, 'எங்க பத்துச்சு, எப்படிப் பத்துச்சு, கண்டுபிடி'ன்னு பரீட்சை. கொளுத்தினவரத்தானே கேக்கணும்?

கண்ணாடி: நிஜத்துல கொளுத்தினவன் வாசல்ல நின்னு 'அறுபது நிமிஷம்'னு சொல்லுவானா?

சைரன்: அதுவும் சரிதான். ...இந்த ஜன்னல் கண்ணாடியப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியா விரிசல். படக்குனு சூடேறியிருக்கு. பெட்ரோல்!

கண்ணாடி: ரெண்டாம் நாள் பாடத்துல தூங்கினியா?

சைரன்: கண்ண மூடி யோசிச்சேன்.

கண்ணாடி: அதெல்லாம் பழைய நம்பிக்கை. பரிசோதனை பண்ணிப் பாத்துட்டாங்க. சூடா இருக்கற கண்ணாடி மேல தண்ணி பட்டாத்தான் அப்படி விரியுது. தண்ணி அடிக்கறது யாரு?

சைரன்: ...நாங்க.

கண்ணாடி: அப்ப குற்றவாளி?

சைரன்: அடக் கடவுளே! எங்க பழைய ஆபீசர் விரிசலப் பாத்தாலே பெட்ரோல்ம்பார். அவர் மூக்குக்கண்ணாடியில கீறல் விழுந்தாலும் பெட்ரோல்தான்!

கண்ணாடி: ஷ்ஷ்... சிரிக்க வைக்காத, போட்டோ ஆடிடும்.

சைரன்: சரி, இத விடுங்க. சோபா பின்னாடி தரையப் பாருங்க. திட்டுத் திட்டா, ஊத்தி விட்ட மாதிரியே கருகியிருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

கண்ணாடி: மேல கூரை வரைக்கும் பாரு. ஒரு இடம் பாக்கியில்லாம எரிஞ்சிருக்கு. புகையும் சூடும் மேல சேந்து சேந்து, ஒரு கட்டத்துல ரூம் மொத்தமும் ஒரே மூச்சுல பத்திக்கும். அதுக்கப்புறம் தரை எங்க வேணாலும் திட்டுத் திட்டா கருகும். பெட்ரோலே இல்லன்னாலும் கருகும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சைரன்: சொல்லலாம் அக்கா. பெட்ரோல்னே சொல்லிடலாம்.

கண்ணாடி: காலையில இருந்து பெட்ரோல் பெட்ரோல்னு ஜபம் பண்றியே, என்ன விஷயம்?

சைரன்: ஒண்ணுமில்லையே.

கண்ணாடி: என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

சைரன்: உங்க மூஞ்சியில பாதிதான் தெரியுது.

கண்ணாடி: அந்தப் பாதியப் பாத்து சொல்லு.

சைரன்: ...கோவப்படக் கூடாது.

கண்ணாடி: கோவப்படுவேன். சொல்லு.

சைரன்: போன பேட்ச்சுல பாஸான ஆளு ஒருத்தர் எங்க ஸ்டேஷன்லதான் இருக்கார். ஒரு துண்டுச் சீட்டு குடுத்தார். 'ஐந்தாம் ரூம். பெட்ரோல். சோபா பின்னாடி.' அதுக்கு முந்தின பேட்ச்சும் அதையேதான் எழுதினாங்களாம். எல்லாரும் பாஸ்.

கண்ணாடி: அடிப்பாவி! விடைய பாக்கெட்ல வச்சுக்கிட்டா அரை மணி நேரமா சாம்பல் சலிச்சே?

சைரன்: நடிப்பு வேண்டாமா?

கண்ணாடி: தும்மல் கூடவா நடிப்பு?

சைரன்: தும்மல் ஒரிஜினல்! ...அய்யோ அக்கா, சிரிக்காதீங்க, எனக்கு மூச்சு முட்டுது... கண்ணுல தண்ணி கொட்டுது...

வாத்தியார்: உள்ள யாருக்காவது உடம்புக்கு முடியலையா?

கண்ணாடி: சாம்பல் சார்! தொண்டையில போயிடுச்சு!

வாத்தியார்: தண்ணி குடிங்க. அம்பது நிமிஷம்.

கண்ணாடி: ...ஏண்டி இப்படிப் பண்ணினே? நீ ஒண்ணும் மக்கு இல்லையே.

சைரன்: மூணாவது தடவ அக்கா. இதுலயும் போச்சுன்னா இனிமே எழுத விடமாட்டாங்க. தீ விசாரணை வேலைக்குப் போக முடியாது, திரும்ப ஸ்டியரிங்தான். முதல் தடவ ஃபெயிலானப்ப எங்க வீட்டுக்காரர் 'விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்'னார். ரெண்டாவது தடவயும் அதையே சொன்னார். இன்னிக்குக் காலையில கிளம்பறப்போ... 'பாஸ் வரலைன்னாலும் பரவால்லம்மா'ன்னு சொல்லிட்டார். பரீட்சைக்கு முன்னாடியே! அந்தப் பரவால்லைய என்னால தாங்க முடியல.

கண்ணாடி: ம்...

சைரன்: திட்டுங்க.

கண்ணாடி: திட்ட நேரமில்ல. அம்பது நிமிஷம் இருக்கு. சும்மா உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வந்துடும். அந்த மூலையத் தோண்டலாம், வா.

சைரன்: எந்த மூலை?

கண்ணாடி: மேஜை கிடக்கே, அது. மத்த இடமெல்லாம் போன பேட்ச்சுங்க கிளறின கரண்டித் தடம் இருக்கு. அங்க சாம்பல் படிஞ்ச மாதிரியே கெட்டியா கிடக்கு. யாருமே தொடல.

சைரன்: ஏன் தொடுவாங்க? சோபா பின்னாடி அந்தக் கருகின திட்டப் பாத்ததும் பேனாவ எடுத்திருப்பாங்க.

கண்ணாடி: அதேதான். மேஜைய அந்தப் பக்கம் பிடி. மெதுவா... திருப்பு.

சைரன்: ஒரு நிமிஷம். ...அக்கா, இது தலைகீழா எரிஞ்சிருக்கு.

கண்ணாடி: என்ன சொல்றே?

சைரன்: மேல்பக்கம் லேசாத்தான் கருகியிருக்கு. அடிப்பக்கம் பாருங்க, விரல் போற அளவுக்குக் குழி! தீ மேஜைக்குக் கீழ இருந்து வந்திருக்கு. ...இருங்க, இருங்க, சோபாவப் பாத்துட்டு வரேன்.

கண்ணாடி: ஓடாதடி! எதையாவது மிதிச்சுடாத!

சைரன்: அக்கா! சோபாக் கட்டை மேஜைப் பக்கம் பென்சில் சீவின மாதிரி கூரா இருக்கு. இந்தப் பக்கம் மொத்தையா, பாதி மரமா நிக்குது! பெட்ரோல் சோபா பின்னாடி ஊத்தியிருந்தா இந்தப் பக்கம்தானே அதிகமா எரியணும்? தீ அங்கேர்ந்து இங்க நடந்து வந்திருக்கு! நான் கண்டுபிடிச்சேன்! நானே கண்டுபிடிச்சேன்!

கண்ணாடி: இரு, இரு.

சைரன்: என்னக்கா, பாராட்ட மாட்டீங்களா? ...அக்கா? என்ன அங்கேயே குனிஞ்சிட்டீங்க? பாம்பா?

கண்ணாடி: டின்.

சைரன்: டின்னா?

கண்ணாடி: மேஜைக்கு அடியில, சாம்பலுக்குள்ள. பெயின்ட் டின் சைசு. மூடி இல்ல. உள்ள துணி... பந்து மாதிரி கசக்கித் திணிச்சிருக்கு. போட்டோ எடு. தொடாத. இன்னும் கிட்டக்க எடு. இப்ப இடுக்கி குடு.

சைரன்: இந்தாங்க இடுக்கி.

கண்ணாடி: இங்க பாரு... மேல்பக்கம் எரிஞ்சு போச்சு. ஆனா அடியில, டின்னோட ஒட்டின பக்கம் இன்னும் துணியா பழுப்பா இருக்கு. அதப் பிரிச்சா... உள்ள முழுக்கக் கரி. வெளியில துணி, உள்ள கரி.

சைரன்: வெளியில இருந்து தீ வந்தா வெளிப்பக்கம்தானே முதல்ல கருகும்?

கண்ணாடி: தீ வெளியில இருந்து வரல. இதுக்குள்ளதான் பிறந்திருக்கு. மரத்துக்கு மெருகு பூசுற எண்ணெய் இருக்கில்ல, ஆளி விதை எண்ணெய்? அது காயும்போது சூடாகும். துணிய விரிச்சுப் போட்டா சூடு காத்துல போயிடும். இப்படிக் கசக்கித் திணிச்சா போக வழியில்ல. உள்ளுக்குள்ளயே புழுங்கிப் புழுங்கி, சில மணி நேரத்துல தானா பத்திக்கும்.

சைரன்: தீக்குச்சி கூட இல்லாமலா?

கண்ணாடி: எங்க நாத்தனார் மாதிரி. யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தானா.

சைரன்: அக்கா... சத்தமா சிரிச்சா வாத்தியார் வந்துடுவார்...

கண்ணாடி: இத காத்துப் புகாத டப்பால அடைச்சு லேப்ல பாக்கணும். அதுவரைக்கும் 'பெரும்பாலும் இதுதான்'னுதான் எழுதலாம். வயர்ல செம்பு உருகி மணி மாதிரி திரண்ட தடம் ஒண்ணும் இல்ல, மெயின் ஸ்விட்ச்சே ஆஃப்ல இருக்கு. அதனால கரண்ட்டால பத்தல. எழுதிக்கோ.

சைரன்: எழுதிக்கிறேன். அக்கா, ஒரே ஒரு சிக்கல்.

கண்ணாடி: என்ன?

சைரன்: தானா பத்துச்சுன்னு எழுதணும்.

கண்ணாடி: ஆமா.

சைரன்: இத கொளுத்தினவர் வாசல்ல நிக்கறார்.

கண்ணாடி: நிக்கட்டும், அதுக்கென்ன?

சைரன்: அவர்கிட்ட போய், 'சார், நீங்க கொளுத்தல'ன்னு சொல்லப் போறோம்!

கண்ணாடி: அய்யய்யோ... வயிறு வலிக்குது... நிறுத்துடி...

சைரன்: 'தப்பா நினைச்சுக்காதீங்க சார், உங்களுக்கே தெரியாம அது தானா...'

கண்ணாடி: போதும்! ...போதும்மா. கண்ணத் துடை. இப்ப நிஜமா கேக்கறேன். உன் பாக்கெட்ல பாஸ் இருக்கு. இந்த டின்ல பாஸ் இருக்கா, ஃபெயில் இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீ எத எழுதச் சொன்னாலும் எழுதறேன். எனக்கு இது முதல் தடவ, அடுத்த வருஷம் கூட வரலாம். உனக்கு இல்ல.

சைரன்: ...அந்த சோபாக் கட்டைய நீங்களும் பாத்தீங்கதானே?

கண்ணாடி: பாத்தேன்.

சைரன்: கூரா இருந்துச்சுதானே?

கண்ணாடி: பென்சில் மாதிரி.

சைரன்: பாத்துட்டுப் பாக்கலன்னு எப்படிக்கா எழுதறது? கை வராது. டின்னே எழுதுங்க. இந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுடறேன்.

கண்ணாடி: இங்க போடாத! தடயமாயிடும்!

வாத்தியார்: நேரம் முடிஞ்சது. பேப்பர குடுங்க. ...என்ன, ரெண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கு?

சைரன்: சாம்பல் சார்.

வாத்தியார்: சரி, பாப்போம். 'தீ தொடங்கிய இடம்: மேஜைக்கு அடியில்.' ...'காரணம்: எண்ணெய்த் துணி தானே பற்றியிருக்க வேண்டும். ஆய்வுக்கூட முடிவு தேவை. யாரும் தீ வைத்ததற்குத் தடயம் இல்லை.' ...

கண்ணாடி: சார்?

வாத்தியார்: அந்த டின்... எங்க?

கண்ணாடி: இதோ, மூடி சீல் வச்சிருக்கோம்.

சைரன்: சார், நீங்க டின்னையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்கறதப் பாத்தா ஃபெயில்னு புரியுது. பரவால்ல. எங்க வீட்ல அந்த வார்த்தைக்குப் பஞ்சமில்ல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பெட்ரோல்னு எழுதினா பாஸ்னு எனக்கு முன்னாடியே தெரியும். சீட்டு கிடைச்சுது. அக்காவுக்கு அதுல சம்பந்தமில்ல. எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க, அக்காவ பாஸ் பண்ணிடுங்க.

வாத்தியார்: நீங்க ஏன் பெட்ரோல்னு எழுதல?

சைரன்: இல்லாதத எப்படி சார் எழுதறது?

வாத்தியார்: உக்காருங்க மேடம். நானும் உக்காந்துக்கறேன். ...இந்த ரூமுக்கு நாங்க தீ வைக்கல.

சைரன்: என்னது?

வாத்தியார்: மத்த ரூமெல்லாம் நாங்க வச்சதுதான். இது, கொளுத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பூட்டியிருக்கறப்போ தானா எரிஞ்சிடுச்சு. பயிற்சிக்கு வர்றவங்க யார்கிட்டயும் நான் சொல்லல. பரீட்சை ரூமா வச்சு, ஒவ்வொரு பேட்ச்சா உள்ள அனுப்பினேன். ரெண்டு பேட்ச்சும் பெட்ரோல்னு எழுதினாங்க. விசாரிச்ச முறைக்கு மார்க் போட்டு பாஸ் பண்ணினேன். உண்மையச் சொல்லணும்னா... அந்தப் பதில் எனக்கு சௌகரியமா இருந்துச்சு.

கண்ணாடி: சௌகரியம்னா?

வாத்தியார்: அதுக்கு மேல யாரும் அந்த ரூமத் தோண்ட மாட்டாங்கல்ல. அன்னிக்கு டியூட்டியில இருந்தது நம்ம வாட்ச்மேன் மட்டும்தான். அவர் சிகரெட் பிடிக்கறவர். ஆபீஸ்ல அவர்தான் காரணம்னு முடிவு பண்ணி, ரெண்டு மாசமா வீட்ல உக்கார வச்சிருக்காங்க.

சைரன்: அடப்பாவமே! அப்ப எங்க பேப்பர் அவர காப்பாத்துமா சார்?

வாத்தியார்: காப்பாத்தும்.

சைரன்: அப்ப நாங்க...

வாத்தியார்: நீங்க ரெண்டு பேரும் பாஸ் மேடம். இந்த ரூம்ல நிஜமா பாஸானது நீங்க மட்டும்தான்.

சைரன்: அக்கா!!

கண்ணாடி: கத்தாதடி, காது! ...விடுடி, கரியெல்லாம் என் மேல... இரு, இரு. சார், ஒரு சந்தேகம். எரிக்கப் போற மேஜைக்கு மெருகு பூசினது யாரு?

வாத்தியார்: மேஜைக்கா?

கண்ணாடி: ஆமா, யாரோ பூசியிருக்காங்க. துணிய டின்ல திணிச்சு, மேஜைக்கு அடியில தள்ளிட்டுப் போயிருக்காங்க.

வாத்தியார்: மெருகு போட்ட மரம் எப்படி எரியுதுன்னு பாக்கறதுக்காக... ஒரு ஆராய்ச்சிக்காக...

சைரன்: தானா பத்தற துணி பத்தி ஆறாவது நாள் பாடம் எடுத்தது கூட நீங்கதானே சார்?

வாத்தியார்: ஆமா மேடம்.

கண்ணாடி: வாத்தியார் தம்பி... ஃபோன எடுங்க. யார்கிட்ட பேசணும்னு உங்களுக்கே தெரியும்.

வாத்தியார்: ...ஹலோ, அண்ணே? நான்தான், ட்ரெயினிங் சென்டர்ல இருந்து. ...நல்லா இருக்கேண்ணே. ...இல்ல, நீங்க முதல்ல கேளுங்க. நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க. ஆபீஸ்ல நான் எழுதிக் குடுத்துடறேன். ...ஆமா, ஐந்தாம் ரூம் விஷயம்தான், கண்டுபிடிச்சாச்சு. ...இல்லண்ணே, உங்க சிகரெட் இல்ல. ...பெட்ரோலும் இல்ல. ...யாருன்னா... அண்ணே, அந்த ரூமுக்குத் தீ வச்சது நான்தான்.