மெயினை அணைக்காத வீடு

— பிளக், ஸ்டெபிலைசர், உள்ள மோட்டார், எல்லாத்தையும் பாத்துட்டேன் சார். ஃபிரிட்ஜ் பெட்டி ராஜா மாதிரி இருக்கு. பெட்டிக்குக் கரண்டுதான் வரல.

— வராம என்னப்பா? தலைக்கு மேல லைட் எரியுது பாரு.

— லைட் எரியுது, ஃபிரிட்ஜ் பாயின்ட்ல டெஸ்டர் எரியலையே. ‘டப்’புனு கேட்டுச்சுன்னீங்கல்ல? இந்த வயர்தான். எலி கடிச்சு உள்ள ரெண்டு கம்பியும் ஒட்டி ஷார்ட் ஆயிடுச்சு. வயரை மாத்திட்டேன். விழுந்த சுவிட்சைத் தூக்கி விட்டா முடிஞ்சுது.

— நம்ம போர்டுல ஒண்ணும் விழலையே!

— அதான் மண்டை காயுது. இந்த பைப்பு சுவத்துக்குள்ள போகுது... சார், அந்தப் பக்கம் யாரு வீடு?

— எங்க அண்ணன் வீடு.

— அட, அப்ப சிம்பிள் சார்! உங்க ஃபிரிட்ஜுக்கு லைன் அங்கேருந்து வருது. ஒரு குரல் குடுங்க, தூக்கி விட்டுடுவாரு.

— பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டைப் பிரிச்சதோட சரி.

— நல்லா பிரிச்சீங்க போங்க. வயரை விட்டுட்டீங்களே!

— பிரிக்கிறப்ப எலக்ட்ரீஷியன் கேக்கத்தான் செஞ்சான், இந்த அடுப்படி பாயின்ட் யாருக்குன்னு. இருந்த கோவத்துல, ‘என் பக்கம் எனக்குப் பாத்துக்கத் தெரியும், கிளம்பு’ன்னு கத்திட்டேன். அது வேற விஷயம். நீ ஹால்லேருந்து ஒரு வயர் இழு.

— அது லைட்டுக்குப் போட்ட வயரு. ஃபிரிட்ஜைத் தாங்காது. இன்னொரு ‘டப்’ கேக்கும்.

— அப்ப புது லைன் போடு.

— நாளைக்குத்தான் சார் ஆள் வரும். ஏன், உள்ள என்ன, காய்கறிதானே?

— வீட்டுக்காரியோட ஊசி மருந்துப்பா. சூடு பட்டா குப்பையிலதான் போடணும். இங்க கடையில கிடைக்காது, வெளியூர்லேருந்து வரணும். அதுவரைக்கும் அவ என்ன பண்ணுவா? நினைச்சாலே பயமா இருக்கு.

— அப்புறம் என்ன யோசனை?

— உனக்குத் தெரியாது. திமிர் புடிச்ச மனுஷன். வீட்டைப் பூட்டிட்டு மாசக்கணக்குல மக வீட்டுக்குப் போவாரு, மெயினைக்கூட அணைக்கிறதில்ல. எங்கப்பா தெருமுனைக்குப் போனாலே மெயினை அணைச்சுட்டுத்தான் போவாரு. அவருக்குப் பொறந்துட்டு இந்த ஊதாரித்தனம்! அவர் முன்னாடி போய் நிக்கணுமா?

— நான் வேணா போய்க் கேக்கட்டுமா சார்?

— வேண்டாம். பொண்டாட்டி என்னோடவ. நானே போறேன். நீ கூட வா.

— கதவு திறந்துதான் இருக்கு சார். கூப்பிடுங்க.

— ...அண்ணே.

— வாடா சின்னவனே. ஷார்ட் எங்கன்னு தெரிஞ்சுதா?

— உங்களுக்கு எப்படி...

— இங்கதானே சுவிட்ச் விழுந்துச்சு. உடனே போடத்தான் கை போச்சு. அங்க நீங்க யாராவது வயரைத் தொட்டுட்டு இருந்தா? அதான், நாற்காலியை இழுத்துப் போட்டு இங்கயே உக்காந்துட்டேன். இப்பப் போடலாமா?

— தாராளமா போடுங்க சார். வயர் மாத்தியாச்சு.

— இந்தா, போட்டாச்சு.

— அண்ணே, இது எங்க ஃபிரிட்ஜ் லைன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாம என்னடா? மொத தடவை மக வீட்டுக்குக் கிளம்பறப்ப மெயினை அணைச்சேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் பொண்டாட்டி, ‘ஐயோ, என் மருந்து’ன்னு பதறுனா. அன்னிக்குத் திருப்பிப் போட்டவன்தான், அப்புறம் எங்க போனாலும் நான் மெயினைத் தொட்டதே இல்ல.