ஹாலைடை மாற்றியதால் என் பவளங்கள் சாகவில்லை

“...அப்போ தண்ணி வெளுக்க வச்சுதா, கண்ணாடி வெளுக்க வச்சுதா? நீ மாட்டுன லைட்டுதானேடா தலைக்கு மேல தொங்குது?”

“அக்கா, நான் முதல்ல முப்பதுலதான்கா வச்சேன். ஏத்துறதுக்கு முன்னாடியே வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. முப்பதுல ஒரு பவளமும் சாகாது.”

“சாகாதா? இங்க வந்து நின்னு பாரு. எலும்புக்கூடு மாதிரி நிக்குது. அந்த மனுஷன் இதுங்ககிட்ட உக்காந்த அளவுக்குப் பெத்த பொண்ணுகிட்டகூட உக்காந்து பேசினதில்ல. எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க முடியல.”

“அத்தான் என்னை ஒரு வார்த்தைகூட சொல்லலையே.”

“சொல்ல மாட்டார்டா. அதனாலதான் உனக்குக் குளிர் விட்டுப்போச்சு.”

என் மனைவியும் அவள் தம்பியும் ஹாலில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் பால்கனியில் வாளியில் உப்பு கரைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்கான உப்பு கரைய நேரம் பிடிக்கும். அதனால்தான் அங்கேயே நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் உப்பு எப்போதோ கரைந்துவிட்டது. நான் வெறும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு காதைத் தீட்டி நின்றேன்.

பிறகு உள்ளே போய், “விடும்மா. அவன் என்ன வேணும்னா செஞ்சான்?” என்றேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்தக் கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். என் பதிவுகள் எல்லாமே நீளம்தான். இந்தப் பவளத்தொட்டி குரூப்பில் பாதிப் பேர் என்னை மியூட்டில் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என்னை இங்கே ‘ஹாலைடு அண்ணன்’ என்பார்கள். என் பவளத் தொட்டிக்கு மேலே மெட்டல் ஹாலைடு விளக்கு தொங்கியது. சுவிட்சைப் போட்டால் உடனே எரியாது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பேலஸ்ட் பெட்டி ஒரு முறை உறுமும், விளக்கு ஊதா நிறத்தில் முழிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியன் மாதிரி வெளுத்து வரும். தண்ணீருக்குள் வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடும். யாராவது இந்த குரூப்பில் எல்இடி என்று வாயைத் திறந்தால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு வருவேன். அலுவலகத்தில் நான் சொல்லி ஒரு ஃபேன்கூடச் சுற்றியதில்லை. இங்கே மட்டும் என் பேச்சுக்கு நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போவான் என்று கேட்டால், நான் போன தூரத்தைச் சொல்கிறேன்.

மச்சினனுக்குத் தொழிலே மீன்தொட்டி பராமரிப்பது. ஒரு பல் மருத்துவமனை, ஒரு ஹோட்டல் வரவேற்பறை, சில வீடுகள். எல்லா இடத்திலும் ஹாலைடைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டும் வேலையைத் தொடங்கியிருந்தான். என் வீட்டிலும் மாட்டலாம் என்று அக்காவிடம் சொன்னான். அவளுக்கு அது வரம். ஹாலைடு எரியும் வரை ஹாலில் உட்கார முடியாது, அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும். தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், அதன் சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன். “உங்க பவளத்துக்கு ஏசி, எனக்கு வேர்வை” என்பாள். நான் தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அவன் வேலையைக் குறை சொல்ல முடியாது. புது விளக்கை முழு வேகத்தில் எரியவிட்டால் பவளம் தாங்காது. முதல் ஒரு மாதம் முப்பது சதவீதத்திலேயே வைத்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். அவன் அப்படித்தான் வைத்தான். என் போனிலும் அந்த விளக்குக்கான ஆப்பைப் போட்டுக்கொடுத்து, “அத்தான், சும்மா பாத்துக்குங்க, எதையும் தொட்டுராதீங்க. ஒரு மாசம் கழிச்சு தானா ஏறும்” என்றான்.

இரண்டு வாரத்தில் என்ன ஆனது என்று இங்கே நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பவளங்கள் நன்றாக இருந்தன. என் ஹாலைடுக்கு அடியில் சுருங்கிக் கிடந்த ஒரு பச்சைப் பவளம்கூட விரிந்து அசைந்தது. மகள் ஹாலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். பழைய விளக்கை ஒருவரும் தேடவில்லை. நான்தான் அதை ஒரு பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மச்சினன் ஒரு உதவி கேட்டான். “அத்தான், குரூப்புல நாலு வார்த்தை நல்லதா எழுதுங்களேன். நீங்களே மாறிட்டீங்கன்னு தெரிஞ்சா அப்புறம் யார் கேள்வி கேப்பா?” நியாயமான உதவி. நானும் எழுத உட்கார்ந்தேன். ‘இத்தனை வருடமாக நான் சொன்னது தவறு’ என்று ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். கை ஓடவில்லை. முதலில் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. சோதனை என்று நினைத்தபோது மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனில் அந்த ஆப்பைத் திறந்தேன். முப்பதில் இருந்ததைக் கட்டைவிரலால் நூறுக்குத் தள்ளினேன். பக்கத்து நாற்காலிக்காரர், “என்ன சார், கேமா?” என்றார். “ஆமா” என்றேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மனைவி மருந்துக்கடை வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் திரும்ப முப்பதுக்கு இறக்கிவிட்டேன். தினமும் இப்படிச் செய்தேன். ஒரு கூட்டத்தில் மேலாளர் திட்டிக்கொண்டிருந்தபோது மேஜைக்கு அடியில் வைத்துச் செய்திருக்கிறேன். பல நாள் அலுவலகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

தெரியாதவர்களுக்கு: பவளத்தின் சதைக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. அதுதான் வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் ஒரேயடியாகக் கூடினால் அந்தச் சமையலே விஷமாகிவிடும். பவளம் பாசியை வெளியே துரத்திவிட்டு, நிறம் போய், பட்டினி கிடக்கும். அந்தக் கட்டத்தில் வெளிச்சத்தைக் குறைத்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இது எனக்கு மிக நன்றாகத் தெரியும். இதே குரூப்பில் நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

பச்சைப் பவளத்தின் நுனி வெளுத்ததும் மச்சினன் ஓடி வந்தான். ஆப்பைப் பார்த்தான், மாலை நேரம், முப்பது. தண்ணீரைச் சோதித்தான், எல்லாம் சரி. தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தைக் கடித்தான்.

“அத்தான், வெளிச்சம் கூடுனாத்தான் இப்படி வெளுக்கும். ஆனா முப்பதுலதானே இருக்கு? எனக்கு ஒண்ணும் புரியல.”

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால், ஒரு கிறுக்கன் என்பதோடு போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

“ஹாலைடு சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த உடம்புப்பா. முப்பது எப்படிப் பத்தும்? பட்டினி கிடக்குதோ என்னவோ.”

“வெளிச்சம் கம்மியானா பழுப்பாத்தானே அத்தான் ஆகும்?”

“புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். நான் எத்தனை வருஷமா பாக்குறேன்?”

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு முதன்முதலில் மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, தன் கையாலேயே எழுபதுக்கு ஏற்றினான். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் ஆப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வேலையை அவன் எடுத்துக்கொண்டான்.

அந்த வாரமே எல்லாம் முடிந்தது. சதை நார் நாராகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. நான் படம் எடுத்து, ‘ஹாலைடை இறக்கினேன், இதோ பலன்’ என்று இங்கே போட்டேன். அவ்வளவு ஆறுதல் சொன்னீர்கள். ஒருவர் அழுகிற பொம்மை ஒரு வரிசையே போட்டிருந்தார். என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். பெயரைச் சொல்லாமல் ‘வீட்டுப் பையன்தான் மாட்டினான், ஆர்வக்கோளாறு’ என்று எழுதினேன். வீட்டுப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? ஹோட்டல்காரர்கள் அவனைப் பழைய விளக்கையே மாட்டச் சொல்லிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். பல் மருத்துவர் போனை எடுப்பதில்லை. அக்கா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று அவன் இங்கே எழுதியதைப் படித்திருப்பீர்கள். இருக்கிற விளக்குகளை யாராவது சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், இனி உயிருள்ள எதிலும் கை வைக்கப்போவதில்லை, குடோன் வேலைக்குப் போகிறேன் என்று. கடைசியில், ‘என் அத்தான் மட்டும் ஒரு சொல் சொல்லாமல் என்னைத் தாங்கினார்’ என்று. அதை எழுதிவிட்டு குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

அதனால்தான் இன்று எழுதுகிறேன். அவன் போட்ட விளக்கில் குறையில்லை. அவன் வேலையில் குறையில்லை. பவளங்களைக் கொன்றது நான். அவன் பிழைப்பைக் கெடுத்ததும் நான். குரூப்பில் ஒரு வரியை மாற்றி எழுத வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக. இதை அவன் குரூப்பில் இருக்கும்போதே எழுதியிருக்கலாம் என்பீர்கள். மனைவியிடம் சொல்லிவிட்டாயா என்பீர்கள். அவள் இந்தக் குரூப்பில் இல்லை. யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், வீட்டில் இப்போதுதான் கொஞ்சம் அமைதி.

கீழே இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். இடப்பக்கம், எல்இடி மாட்டிய இரண்டாவது வாரம். வலப்பக்கம், இன்று காலை ஹாலைடைத் திரும்ப மாட்டியபின். வலப்பக்கத்தில் பவளங்கள் உயிரோடு இல்லை, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெளிச்சத்தை மட்டும் பாருங்கள், அந்த நெளிவைப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறது? மனசாட்சியோடு பதில் போடுங்கள்.