நெவெனா தலையாட்டினாள்

— சமையல் பள்ளிக்கா? என் நெவெனாவையா? டீச்சர், கோச்சுக்காதீங்க, இந்தக் கடுதாசியை ஆள் மாத்தி அனுப்பிட்டீங்க.

— கத்தாதே கமென். பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு நேரா ஓடி வந்திருக்கே, முதல்ல உக்காரு. ஏழாம் வகுப்புல நெவெனான்னு ஒருத்திதான். எட்டாவதுக்குக் கணக்குப் பள்ளிக்கு அனுப்பினா அவ தாங்க மாட்டாப்பா.

— வீட்டுல ஊதித் தள்ளுறாளே! பத்தாவது படிக்கிற அண்ணனுக்கே இவதான் கணக்குப் போட்டுக் கொடுக்கறா!

— நான் சொல்லலை, மிஷின் சொல்லுது. பிப்ரவரியிலேர்ந்து செயற்கை நுண்ணறிவுதான் இங்கே கணக்கு நடத்துது. பிள்ளைக்கொரு திரை, ஆளுக்கொரு ஹெட்போன். விளக்கிட்டு, புரிஞ்சுதான்னு கேக்கும். புரிஞ்சா அடுத்த பாடம், புரியலைன்னா அதே பாடம். உன் பொண்ணு இன்னும் பின்னத்துலயே நிக்கறா.

— கணக்கு போடச் சொல்லிப் பார்க்காதா?

— சோதனையெல்லாம் எல்லாப் பாடமும் முடிஞ்சப்புறம்தான்.

— அவ தினம் புலம்பறா டீச்சர். புரிஞ்சுதுன்னு சொன்னாலும் விட மாட்டேங்குதுப்பா, சொன்னதையே சொல்லுதுன்னு. சோம்பேறின்னு நான் வேற திட்டிட்டேன்.

— புரிஞ்சுதுன்னு சொன்னாளாமா? இங்கே பாரு. இருநூத்திப் பன்னெண்டு தடவை கேட்டிருக்கு. ஒரு தடவைகூட ஆமான்னு இல்லை.

— எப்படிச் சொல்லணும்? பட்டன் அமுக்கணுமா?

— தலையாட்டினா போதும், கேமரா பார்த்துக்கும். வாயைத் திறந்தா வகுப்பு சந்தையாயிடும்னு நான்தான் அப்படி வெச்சேன். இரு, வீடியோவே காட்டறேன். இதோ கேக்குது... இதோ ஆட்டறா. இடமும் வலமுமா.

— இன்னொரு தடவை போடுங்க.

— எத்தனை தடவை போட்டாலும் இடமும் வலமும்தான்.

— கோச்சுக்காதீங்க டீச்சர். நீங்க எந்த ஊர்?

— என்னடா கேள்வி இது? ப்ளோவ்திவ்ல பிறந்து ப்ளோவ்திவ்லயே நரைச்சவ. உனக்கே பின்னம் சொல்லிக் கொடுத்தவ.

— நம்ம பல்கேரியாவுல இடமும் வலமுமா ஆட்டினா என்ன அர்த்தம்?

— ஆமான்னு அர்த்தம். இதுகூடவா எனக்கு... ஐயோ.

— மேலயும் கீழயும் ஆட்டினா?

— இல்லைன்னு... ஐயையோ! அட தெய்வமே! அந்த மிஷினை வெளிநாட்டுல செஞ்சாங்க கமென்!

— அங்கேயெல்லாம் தலைகீழ்! போன வாரம் என் பஸ்ஸுல ஏறின ஒரு ஜெர்மன்காரி, ஸ்டேஷன் போகுமான்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டினேன். விடுவிடுன்னு இறங்கிப் போயிட்டா!

— அறிவு கெட்டவ நான். பிள்ளைங்க முகத்தை நான் எங்கே பார்த்தேன்? என் திரையில கலர் கலரா ஏறுற பட்டையைத்தானே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தேன்.

— அப்போ இருநூத்திப் பன்னெண்டு தடவையும் என் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்கு! என் தங்கத்தைப் போய்த் திட்டினேனே, பாவி! இந்தாங்க உங்க கடுதாசி, கிழிச்சுப் போடுங்க.

— நீயே கிழிடா.

— விடுங்க டீச்சர். நல்லவேளை, ஒருத்தியோட போச்சு.

— எங்கேடா போச்சு? மத்த இருபத்திமூணு பேரும் பாடத்துக்குப் பாடம் தாண்டிட்டாங்கன்னு போன மாசம் என்னை மேடையேத்திப் பூங்கொத்து கொடுத்தாங்க.

— நல்ல விஷயம்தானே?

— வெள்ளிக்கிழமை அரசாங்கப் பரீட்சை கமென். அந்த இருபத்திமூணு பேரும் நாலு மாசமா மேலயும் கீழயும் ஆட்டியிருக்காங்க!